பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் டிரஸ்ட்டில் வேலை: உள்ளே யார் இருக்கிறார்கள், என்னதான் செய்கிறார்கள்?

திண்டிவனத்தான் கேட்டது:

வணக்கம் மக்களே. என் தங்கை இந்த வருஷம் பி.ஆர்க் முடித்தாள். கூடப் படித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் பில்டர் கம்பெனிகளில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள், இவள் மட்டும் பாண்டிச்சேரியில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஒரு டிரஸ்ட்டில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டிரஸ்ட் என்று காதில் விழுந்ததுமே அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அஞ்சு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்தது தர்மகாரியம் பண்ணவா, சம்பளம் எவன் கொடுப்பான்" என்று வீட்டில் தினமும் இதே பேச்சு.

எனக்கும் விவரம் போதாது. பாண்டிக்கு அடிக்கடி போகிறவன்தான். ஆனால் பீச் பக்கம் மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், காகிதப் பூ, முன்னால் நின்று போட்டோ எடுக்கும் கூட்டம், இதற்கு மேல் கவனித்ததில்லை. அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஓர் ஆபீஸும் அதில் இத்தனை பேரும் எதற்கு என்றுதான் தோன்றுகிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மாதிரி அமைப்புகளில் யார் யார் வேலை பார்க்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, தினமும் காலையில் போய் என்ன செய்வார்கள்? ரெண்டு மூணு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தால் மார்க்கெட்டில் மதிப்பு இருக்குமா? உள்ளே இருந்தவர்கள் யாராவது இருந்தால் மனசில் பட்டதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

டிராயிங் போர்டு எழுதியது:

இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றில் சில வருஷம் ஆர்க்கிடெக்டாக இருந்தேன், இப்போது சொந்தமாகச் செய்கிறேன். முதலில் அப்பா கேட்டதற்கே வருகிறேன். சம்பளம் உண்டு. அமைப்பு லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான், வேலை செய்கிறவருக்குச் சம்பளம் தரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பில்டர் கம்பெனியில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை.

உதாரணத்துக்கு எல்லோரும் அறிந்த இன்டாக்கையே எடுத்துக்கொள்ளலாம், கலை, பண்பாட்டுப் பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை அது. 1984-இல் டெல்லியில் பதிவான சொசைட்டி. ஊர் ஊருக்குக் கிளை, கிளைக்கு ஒரு கன்வீனர். கன்வீனர் பதவி கௌரவப் பதவி, அதற்குச் சம்பளம் கிடையாது, பெரும்பாலும் ஓய்வு பெற்ற பேராசிரியரோ டாக்டரோ ஊர்மேல் பிரியம் உள்ள வேறு யாராவதோ இருப்பார். பல ஊர்களில் கிளை என்றால் அவர், நாலு தன்னார்வலர்கள், வருஷத்துக்கு ஒரு பாரம்பரிய நடை, பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி, அத்தோடு சரி. பாண்டி அப்படி இல்லை. அங்கே கிளை ஆரம்ப காலத்திலிருந்தே கட்டட வேலையில் இறங்கிவிட்டது, அஜித் கௌஜல்கி மாதிரி ஆர்க்கிடெக்டுகள் முன்னால் நின்றதால் டிராயிங் ஆபீஸாகவே வளர்ந்தது. அரவிந்தர் வீதியில் மீட்டெடுத்த ஒரு பழைய தமிழ் வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருக்கிறார்கள், உங்கள் தங்கை எங்கே சேர்ந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

யார் யார் இருப்பார்கள் என்றால், ஆர்க்கிடெக்டுகள் சிலர், ஒரு சிவில் இன்ஜினீயர், டிராஃப்ட்ஸ்மேன், சைட் சூப்பர்வைசர், பிராக்டிகல் டிரெய்னிங்குக்கு வந்துபோகிற காலேஜ் பிள்ளைகள். அப்புறம் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற ஒருவர். இவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் இவர் லீவு போட்டால் ஆபீஸ் நின்றுவிடும். ஏனென்றால் பணம் ஒரே வழியில் வராது. அரசுக் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறையிலிருந்தோ ஏதாவது அரசுத் திட்டத்திலிருந்தோ ஆலோசனைக் கட்டணம் வரும், தனியார் வீடு என்றால் வீட்டுக்காரர் கட்டணம், நன்கொடைக்கு 80ஜி ரசீது, அதாவது வருமான வரிச் சலுகைக்கான ரசீது, வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய் வந்தாலும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கு தனியாக. 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு சி.எஸ்.ஆர். பணமும், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் பணமும், பாரம்பரியப் பாதுகாப்புக்குச் செலவழிக்கலாம் என்று ஆனது, அதைக் கேட்டு நடையாய் நடப்பதும் ஒரு வேலை. ஒவ்வொன்றுக்கும் யூ.சி., அதாவது பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற சான்றிதழ், கொடுக்க வேண்டும், அது தாமதமானால் அடுத்த தவணை வராது, அடுத்த தவணை வராவிட்டால் நம் சம்பளம் ஒரு மாசம் தள்ளும். எனக்குத் தள்ளியிருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் பெண் என்றால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

தினசரி வேலை என்று கேட்டீர்கள். காலையில் ஒரு வீட்டுக்குப் போய் அளக்க வேண்டும். ரெண்டு பேர், ஒரு டேப், ஒரு லேசர் மீட்டர், தூக்குக்குண்டு. பழைய வீட்டில் எந்த அறையும் சரியான சதுரமாக இருக்காது, அதனால் மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்க வேண்டும். சுவர் கனம், தூண் வட்டம், ஜன்னல் கம்பி வளைவு, விட்டத்துக்கு விட்டம் இடைவெளி, எங்கே ஈரம், எங்கே விரிசல், எந்தக் கட்டையில் கரையான், எல்லாம் குறித்து போட்டோ எடுத்து, மத்தியானம் வந்து வரைய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடத்தை நினைத்துப் பாருங்கள், பழைய நகரசபை, 1870 வாக்கில் கட்டியது. பழுதுபார்க்கப் போகிறோம் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே 2014 நவம்பர் மழையில் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. சுமார் 15 கோடி செலவில் அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். அதே தோற்றத்தில் கட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு கார்னிஸுக்கும் (சுவரின் மேல்விளிம்பு வேலைப்பாடு) வளைவுக்கும் அளவு வேண்டும் இல்லையா? விழுந்த பிறகு செங்கல் குவியலில் டேப் பிடிக்க முடியாது.

ஆனால் அளப்பதும் வரைவதும் பாதி கூட இல்லை. மீதி நேரம் பேச்சு. வீட்டுக்காரரோடு, அவர் அண்ணனோடு, அண்ணன் பையனோடு, வாடகைக்கு இருக்கும் செல்போன் கடைக்காரரோடு, கவுன்சிலரோடு, கட்டட அனுமதி தருகிற பி.பி.ஏ. (புதுச்சேரி திட்டக் குழுமம்) ஆபீஸில் ஃபைல் வைத்திருப்பவரோடு. உங்கள் தங்கை வாய் திறந்து பேசுகிறவரா? காலேஜில் இதற்கு மார்க் கிடையாது.

காந்திவீதி மருமகள் எழுதியது:

நான் ஆர்க்கிடெக்ட் எல்லாம் இல்லை, அந்த மாதிரி ஆட்கள் வந்து கதவைத் தட்டிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் மறுபக்கம் சொல்கிறேன்.

எங்கள் வீடு, வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம், மரத்தூண், மாடியில் மட்டும் பிரெஞ்சுக்காரன் வீடு மாதிரி வளைவு ஜன்னல். இந்தக் கலப்புக்கு வெளியூர்க்காரர்கள் பெரிய பெயர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் தெருவைப் பார்த்து நாமும் ஒரு மாடி எடுப்போம் என்று எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வீடு இன்னும் பாகம் பிரிக்கவில்லை. மாமனாரின் சித்தப்பா வழியில் எல்லாரும் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் வழி, பாதிப் பேர் பாரிஸில், ஒரு கிளை ரீயூனியனில். ஒருத்தர் விற்கலாம் என்பார், இன்னொருத்தர் இடித்துவிட்டு அப்பார்ட்மெண்ட் கட்டி ஆளுக்கு ஒரு ஃபிளாட் என்பார், மூணாமவர் போனே எடுக்கமாட்டார்.

இந்த நிலைமையில் ஒரு பெண் வந்தாள், இருபத்தஞ்சு வயசு இருக்கும், கையில் ஃபைல். முதல் நாள் என் மாமியார் உள்ளேயே விடவில்லை, வரி போடுவதற்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். மறுபடி வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, மாமியாரின் மூட்டுவலி பற்றி, ஊர் பற்றி, கல்யாணம் எங்கே நடந்தது என்பது பற்றி எல்லாம் பேசினாள். கல்யாணம் இந்த முற்றத்தில்தான் நடந்தது என்று சொல்லிப் பெட்டியிலிருந்து போட்டோ எடுத்துக் காட்டினார் மாமியார். அந்த போட்டோவின் பின்னணியில் தெருப்பக்கத் தாழ்வாரம் முழுசாகத் தெரிந்தது. இப்போது அது இல்லை, எந்தக் காலத்திலோ கழற்றி ஆஸ்பெஸ்டாஸ் போட்டுவிட்டார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கெட்டிக்காரி.

பாரிஸுக்கும் அவளே மெயில் போட்டாள், பிரெஞ்சில். வீட்டு முகப்பை மட்டும் சரி செய்தால் என்ன செலவு, அப்பார்ட்மெண்ட் கட்டினால் ஆளுக்கு என்ன வரும், வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்று ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டு அனுப்பினாள். எங்கள் வீட்டுக்குள்ளேயே நாங்கள் செய்யாத காரியம். இன்னும் முழுசாக முடியவில்லை, ஒரு கையெழுத்து பாக்கி நிற்கிறது, அந்தப் பெண்ணும் மேல்படிப்புக்குப் போய்விட்டாள், இப்போது வருகிற பையன் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறான். இதுதான் எனக்கு இந்த அமைப்புகள் மேல் உள்ள ஒரே குறை. ஆள் நிலைப்பதில்லை. மாமியார் "அந்தப் பொண்ணு வந்தா பேசுறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒதியஞ்சாலை எழுதியது:

எல்லாரும் ரொம்ப உருகுகிறீர்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். பாதுகாத்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்? ஓட்டல், கஃபே, துணிக்கடை. என் தாத்தா காலத்தில் குடும்பங்கள் இருந்த வீட்டில் ஒரு காப்பி என் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. 1990களில் இன்டாக் எடுத்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் 1,800 கட்டடங்களுக்கு மேல் இருந்தது என்பார்கள், அதில் நூற்றுக்கணக்கில் இடிபட்டுப் போய்விட்டது, போனதில் பெரும்பாலும் தமிழர் பகுதி. வெள்ளைக்காரர் பகுதிதான் போஸ்ட்கார்டு மாதிரி நிற்கிறது. முஸ்லிம் வீதிகள் பக்கம், முல்லா வீதி, காஜியார் வீதி, யாராவது சுற்றுலாக்காரன் போகிறானா? டிரஸ்ட்காரர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், கடைசியில் பலன் பணம் உள்ளவனுக்குத்தான். தங்கச்சி சேரட்டும், ஆனால் ஊரைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டாம்.

டிராயிங் போர்டு எழுதியது:

ஒதியஞ்சாலை, நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டல் ஆகாமல் நின்ற தெருவும் இருக்கிறது. வைசியாள் வீதி, அதாவது கல்வே சுப்புராய செட்டி வீதி, அது தமிழர் பகுதிதான். ஐரோப்பிய யூனியனின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்ஸின் வில்நெவ் சூர் லோவும் பாண்டியோடு கூட்டுச் சேர்ந்து, 2000களின் தொடக்கத்தில் தெருவையே வரிசையாகச் சரி செய்தார்கள். ஒரு வீட்டை மட்டும் எடுத்தால் பக்கத்து வீடு மூணு மாடி எழும்பி அதை அமுக்கிவிடும், அதனால்தான் தெருவாக எடுத்தது. தாழ்வாரங்கள் திரும்ப வந்தன, பல வீடுகளில் குடும்பங்களே இருந்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குத்தான் கிடைத்தது. அதே தெருவில் ஓட்டலும் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம், ஓட்டல்காரனைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் பாருங்கள். தொல்லியல் துறையின் 1958 சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். கோயிலுக்கும் கோட்டைக்கும் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டத் தடை எல்லாம் உண்டு, காந்திவீதி மருமகளின் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உள்ளூர் விதிகளும் குழுவும் இருக்கின்றன, ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிட்டு அபராதம் கட்டுகிறவனை எந்தக் குழுவும் தடுக்காது. கையில் சட்டம் இல்லாத அமைப்புக்கு இருப்பது ஆள் மட்டும்தான், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஆள்.

சுண்ணாம்புக் கை எழுதியது:

ஆர்க்கிடெக்டுகளே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சைட்டில் இருப்பவனும் கொஞ்சம் பேசுகிறேன். நான் சிவில் டிப்ளமோ, இந்த மாதிரி வேலைகளை எடுத்துச் செய்யும் காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். டிரஸ்ட்டின் சம்பளப் பட்டியலில் எங்கள் பெயர் இருக்காது, பலகையிலும் இருக்காது, கொத்தனார் பெயர் எங்கேயுமே இருக்காது. ஆனால் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

மெட்ராஸ் ஒட்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பழைய வீடுகளில் மேல்தளம் போடுகிற முறை. தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் அச்சுக்கல்லை, அதாவது சின்ன மெல்லிய செங்கல்லை, செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே சாரப் பலகை கிடையாது. ஒவ்வொரு கல்லும் முன்னால் வைத்த கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு. இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், எல்லாருக்கும் வயசாகிவிட்டது, பையன்கள் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே தினக்கூலியும் கூட, வேலையும் சீக்கிரம் முடிகிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிமெண்டு ஏன் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் சண்டை பிடிப்பார். கடற்கரை ஊர், மண்ணில் உப்பு, ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் வழி அடைபட்டு ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு செங்கல்லைத் தின்னும், ரெண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும், கூடவே செங்கல்லின் முகமும் வரும். மேல்தளம் ஒழுகுகிறது என்று அதன்மேல் ஒரு கோட் சிமெண்டு, திரும்பவும் ஒழுகினால் இன்னொரு கோட், அதன்மேல் டைல்ஸ். பாரம் ஏறிக்கொண்டே போகும். கீழே விட்டத்தின் முனை சுவருக்குள் உளுத்துப்போயிருப்பது யாருக்கும் தெரியாது.

சரி, தங்கச்சிக்கு வருகிறேன். புதுசாக வரும் ஆர்க்கிடெக்டுகளில் ரெண்டு வகை. ஒரு வகை லேப்டாப்பைத் திறந்து காட்டி "டிராயிங்கில் இப்படி இருக்கிறதே" என்று கேட்கும். இன்னொரு வகை, கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து சுண்ணாம்பில் கலக்கும் கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் ஊறணும், வெல்லம் எவ்வளவு, கலவை பதம் கையில் எப்படி இருக்கணும் என்று கேட்கும். ரெண்டாவது வகைக்குத்தான் எங்கள் பெரியவர், அதாவது மூத்த கொத்தனார், வேலையைக் காட்டிக்கொடுப்பார். முதல் வகையிடம் "சரி சார், சரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்துவிடுவார். ஒரு தடவை ஒரு மேடம் சாரத்தில் ஏறி அவரோடு சேர்ந்து சித்தாள் மாதிரிக் கலவை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு மேடத்துக்குக் காப்பி பெரியவர் காசில்.

வெயில் ஜாஸ்தி, சுண்ணாம்பு கையைத் தின்னும், கழிவறை வசதி பல சைட்டில் கிடையாது. பெண்களுக்கு இது பெரிய கஷ்டம், யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாக்களோடு பழகி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திண்டிவனத்தான் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சுண்ணாம்புக் கை அண்ணன் எழுதிய ஒட்டு விஷயத்தில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் தாத்தா வீட்டில் அட்டாலி இருந்த அறைக்கு அதே ஒட்டுத்தான், நாலு வருஷம் முன்னால் சிமெண்டு போட்டது யார் யோசனை என்று சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சண்டை ஆரம்பித்துவிட்டார். சம்பளம் பற்றி இன்னும் முகம் தெளியவில்லை. தங்கைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. என்ன எடுத்துக்கொண்டு போகலாம்? பிறகு மேல்படிப்புக்கு வழி உண்டா?

டிராயிங் போர்டு எழுதியது:

காலேஜில் செய்த ஷாப்பிங் மால் டிசைனை முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஏதாவது ஒரு பழைய வீட்டைக் கையால் அளந்து வரைந்தது இருந்தால் அதை முன்னால் வைக்கட்டும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அந்தத் தாத்தா வீட்டையே அளந்துவிடலாம், சிமெண்டு போட்ட ஒட்டு எங்கே விரிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனால் இன்டர்வியூவில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்கள்.

மேல்படிப்புக்கு டெல்லி எஸ்.பி.ஏ.விலும் அகமதாபாத் செப்ட்டிலும், ரெண்டும் கட்டடக்கலைக்குப் பேர்போன கல்வி நிறுவனங்கள், கன்சர்வேஷன், அதாவது பழைய கட்டடப் பாதுகாப்பில், முதுகலைப் படிப்பு இருக்கிறது. ரெண்டு வருஷம் சைட் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பாடம் வேறு மாதிரிப் புரியும். வெளியே வந்தால் அரசுத் திட்டங்களுக்கு ஆலோசகர், பழைய வீடுகளை ஓட்டலாக்கும் கம்பெனிகள் (ஒதியஞ்சாலை மன்னிக்கவும்), காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் என்று வேலை இருக்கிறது.

சம்பளத்தை இன்டர்வியூவிலேயே நேராகக் கேட்கட்டும், சேவை அமைப்பு என்று கூச்சப்பட வேண்டாம். எந்த மாசம் எந்தத் தேதியில் வரும், திட்டப் பணம் தாமதமானால் என்ன செய்வீர்கள், இந்த ரெண்டையும் கேட்டுவிட்டால் அப்பாவுக்குச் சொல்லப் பதில் கையில் இருக்கும்.

காந்திவீதி மருமகள் எழுதியது:

சேர்ந்தால் எங்கள் வீட்டு ஃபைலைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மாமியாருக்கு முறுக்கு பிடிக்கும்.